டீ டிரைவில் உள்ள பழைய கடிதங்கள் தேடலில் அகப்படுவதில்லை

கேள்வி (திருக்கடலூர், திருகோணமலை):
வணக்கம். எங்கள் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கடிதங்களும் கூட்டறிக்கைகளும் கணினியின் டீ டிரைவில், முன்பிருந்தவர்கள் "புதியது", "புதியது 2", "இறுதி" என்று பெயரிட்டுச் சென்ற கோப்புறைகளில் சிதறிக் கிடக்கின்றன. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக உயர்ந்தபோது நாங்கள் அனுப்பிய கோரிக்கைக் கடிதம் இப்போது தேவைப்படுகிறது. தேடல் பெட்டியில் "மண்ணெண்ணெய்" என்று தட்டச்சுச் செய்தால் எதுவுமே வருவதில்லை. ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதைத் தவிர வேறு வழி உண்டா?

மறுமொழி (உப்புவெளி):
விண்டோஸ் வழக்கமாகப் பயனர் கோப்புறைகளையே அட்டவணைப்படுத்தி, அதாவது உள்ளே இருக்கும் சொற்களைத் தேடலுக்காக முன்கூட்டியே குறித்து வைக்கிறது. டீ டிரைவில் தேடும்போது கோப்புப் பெயரை மட்டுமே பார்க்கும். கன்ட்ரோல் பேனலில் "இன்டெக்சிங் ஒப்ஷன்ஸ்" பகுதியைத் திறந்து, சங்கத்தின் கோப்புறைகளைச் சேர்த்துவிட்டுச் சில மணி நேரம் பொறுத்திருங்கள். பெயரைக் கொண்டு தேடுவதற்கு "எவ்ரிதிங்" என்ற இலவச மென்பொருள் மிக விரைவானது.

மறுமொழி (மூதூர்):
ஐயா, அட்டவணைப்படுத்திய பிறகும் அது அகப்படாமல் போகலாம். நம் பகுதிச் சங்கக் கடிதங்களில் பெரும்பாலானவை பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டவை. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் கோப்பினுள் இருப்பவை ஆங்கில எழுத்துகளே என்பதால், யூனிகோடில் (இன்று கணினிகளில் பொதுவாக வழங்கும் எழுத்துக் குறியீட்டு முறையில்) நீங்கள் தேடும் சொல் அங்கே இல்லவே இல்லை. பழைய கடிதமொன்றைத் திறந்து, அதிலிருந்து ஒரு சொல்லைப் பிரதி எடுத்துத் தேடல் பெட்டியில் ஒட்டுங்கள். பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தால் தயங்க வேண்டாம், அப்படியே தேடுங்கள். புள்ளி வைத்த எழுத்து இல்லாத சொல்லாக, "விலை" அல்லது "படகு" என எடுப்பது நல்லது. பாமினியில் புள்ளி என்பது அரைப்புள்ளிக் குறியாகவே பதிவாவதால் "மண்ணெண்ணெய்" போன்ற சொல் தேடலில் துண்டாகிவிடக்கூடும். பாமினியில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறு தமிழ் எழுத்துகளைக் குறிக்கும், ஆனால் தேடல் அவற்றை வேறுபடுத்தாது. ஆகவே தொடர்பில்லாத சில கோப்புகளும் கூடவே வரும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. "படகு" என்று ஒட்டித் தேடியதில் கடிதம் அகப்பட்டது, கூடவே பழைய வரவுசெலவுக் கணக்குகளும் வந்தன. இனி எல்லாவற்றையும் பொருள்வாரியாகப் பிரித்து, கோப்புறைக்குள் கோப்புறையாக அடுக்கலாமா?

மறுமொழி (மூதூர்):
அவ்வளவு ஆழம் வேண்டாம். செயலாளர் மாறினால் அந்த ஒழுங்கு யாருக்கும் புரியாது. ஆண்டுக்கு ஒரு கோப்புறை போதும். கோப்புப் பெயரை யூனிகோடில், "2022-08-25 மண்ணெண்ணெய் கோரிக்கை" என்பதுபோல் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்கினால் அவை தாமாகவே காலவரிசையில் நிற்கும். பெயர்களை மாற்றத் தொடங்குமுன் முழுவதையும் வெளி வன்தட்டில் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள்.