யூரின் கல்ச்சர் பிளேட் முழுக்கப் படலம் பரவுகிறது, தனிக் காலனி கிடைக்கவில்லை. யாராவது உதவுங்கள்

லேப் பொண்ணு

வணக்கம். டி.எம்.எல்.டி. (லேப் டெக்னீஷியன் டிப்ளமா) முடித்து ஒரு சின்ன லேபில் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. கல்ச்சர் (கிருமி வளர்த்துப் பார்க்கும்) மேசையில் நான் ஒருத்திதான், கேட்டுக்கொள்ள சீனியர் யாரும் இல்லை.

எழுபதைத் தாண்டிய ஒரு தாத்தாவின் யூரின் சாம்பிள் வந்தது. பல வாரமாகக் கதீட்டர் (யூரின் இறக்கும் குழாய்) போட்டிருக்கிறார். காய்ச்சல், கதீட்டரில் யூரினும் சரியாக இறங்கவில்லை. நைட்ரோஃபுரான்டாயின் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரை ஐந்து நாள் சாப்பிட்டும் குறையவில்லையாம்.

பிளட் அகாரில் (இரத்தம் கலந்த, கிருமி வளர்க்கும் ஜெல்லி மீடியா) 1 மைக்ரோலிட்டர் லூப்பால் (அளவுக் கம்பி வளையம்) போட்டு 37 டிகிரியில் வைத்தேன். மறுநாள் காலை நான் இழுத்த கோடே தெரியவில்லை. பிளேட் முழுக்க மெல்லிய சாம்பல் படலம். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், குளத்தில் கல் விழுந்த மாதிரி வளையம் வளையமாக இருக்கிறது. இன்குபேட்டர் கதவைத் திறந்ததுமே மீன் கழுவிய தண்ணீர் நாற்றம்.

பிளேட்டில் ஈரம் நின்றிருக்கும் என்று நினைத்து, நன்றாகக் காயவைத்து மறுபடி போட்டேன். அதே கதைதான். மீடியா கெட்டுப்போனதோ என்று ஒரு பேட்ச் முழுவதையும் கொட்டிவிட்டேன். "கன்டாமினேஷன் என்று எழுதிவிடு", அதாவது வெளிக் கிருமி கலந்துவிட்டது என்று, என்கிறார் லேபை நடத்துபவர். எழுத மனசு வரவில்லை. என் கையில்தான் தப்பா?

பெஞ்ச் அக்கா

எதையும் எழுதிக் கொடுத்துவிடாதே மா, ரெண்டு விஷயம் பார்த்துச் சொல். சாம்பிள் போடாத பிளேட் ஒன்றை இன்குபேட்டரில் வைத்தாயா? மேக்கான்கியில் (இன்னொரு வகை மீடியா) என்ன வளர்ந்தது? யூரின் ஸ்ட்ரிப்பில் பிஹெச் (அமில-கார அளவு) எவ்வளவு, கிராம் ஸ்டெயினில் (கிருமிக்குச் சாயமேற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது) என்ன தெரிந்தது என்பதும் வேண்டும்.

லேப் பொண்ணு

வெறும் பிளேட் சுத்தமாக இருக்கிறது அக்கா. மேக்கான்கியில் படலம் இல்லை, நிறமில்லாத காலனிகள் தனித்தனியாக வந்திருக்கின்றன. பிஹெச் 8.5. வெட் மவுண்டில் (சாயமில்லாமல் மைக்ரோஸ்கோப்பில் பார்த்ததில்) சவப்பெட்டி மூடி போன்ற கிரிஸ்டல்கள் நிறைய. கிராம் ஸ்டெயினில் சிவப்புக் குச்சிகள் ஏராளம். அங்கங்கே ஊதா நிறத்தில் உருண்டைகளும் ஜோடி ஜோடியாகத் தெரிந்தன. அதைச் சாயம் சரியாகக் கழுவாத குறை என்று விட்டுவிட்டேன்.

பெஞ்ச் அக்கா

பாதிப் பதிலை நீயே கண்டுபிடித்துவிட்டாய். இது புரோட்டியஸ் என்ற பாக்டீரியா, கன்டாமினேஷன் கிடையாது. வெறும் பிளேட் சுத்தமாக இருக்கும்போது மீடியாவைச் சந்தேகப்படவே வேண்டாம்.

புரோட்டியஸ் குழம்பு மீடியாவில் குட்டையான குச்சிதான். கெட்டியான அகாரைத் தொட்டதும் சில செல்கள் பிரியாமல் பத்து மடங்குக்கு மேல் நீண்டு, உடம்பு முழுக்க ஆயிரக்கணக்கில் கசையிழை (நகர உதவும் வால்) முளைத்து, கூட்டமாகச் சேர்ந்து நகர ஆரம்பிக்கும். கொஞ்ச தூரம் போய் நின்று, மறுபடி குட்டையாகிப் பெருகி, திரும்பவும் கிளம்பும். நீ பார்த்த ஒவ்வொரு வளையமும் அது நின்று கிளம்பிய இடம். 1885இல் குஸ்டாவ் ஹவுசர் இதற்கு இந்தப் பெயரை வைத்ததும் அதனால்தான். நினைத்த உருவம் எடுக்கும் கிரேக்கக் கடல் தெய்வத்தின் பெயர் அது. பிளேட்டை எவ்வளவு காயவைத்தாலும் இது நிற்காது.

மேக்கான்கியில் பித்த உப்பு இருப்பதால் பரவல் அடங்கிவிட்டது. ஆனால் அதை மட்டும் நம்பி ரிப்போர்ட் போடாதே. அந்த ஊதா உருண்டைகளை நான் நம்புகிறேன். என்டிரோகாக்கஸ் (உருண்டை வடிவ பாக்டீரியா) மாதிரி ஏதாவது படலத்துக்கு அடியில் புதைந்திருக்கலாம், மேக்கான்கியில் அது சரியாக வளராது. க்ளெட் (CLED) அகாரில் போடு. அதில் உப்புச் சத்து குறைவு, அதனால் புரோட்டியஸ் பரவாமல் நீலச் சாயலில் தனிக் காலனியாக நிற்கும். பக்கத்தில் மஞ்சளாகப் பொடிக் காலனி வந்தால் அதையும் தனியாக எடு.

இன்னொன்று, நாற்றத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று பிளேட்டை மூக்கருகே கொண்டு போகாதே. அந்தப் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

மீடியா சமையல்காரர்

க்ளெட் கைவசம் இல்லையென்றால் பிளட் அகாரிலேயே அகார் தூளை 4 சதவீதம் வரை கூட்டிப் பாருங்கள். தளம் கெட்டியானால் ஓட்டம் குறையும். ஆனால் அந்த பிளேட்டில் சென்சிட்டிவிட்டி (எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கும் டெஸ்ட்) போடக் கூடாது. மருந்து பரவுவது மாறி, அதைச் சுற்றிக் கிருமி வளராத வட்டத்தின் அளவு தப்பாகும்.

பாடம் எடுப்பவன்

அந்த பிஹெச்சையும் கிரிஸ்டலையும் யாரும் விட்டுவிடாதீர்கள், நோயே அதில்தான் இருக்கிறது. புரோட்டியஸிடம் யூரியேஸ் என்ற நொதி உண்டு. யூரினில் தாராளமாக இருக்கும் யூரியாவை அது அம்மோனியாவாக உடைக்கும். பிஹெச் 8ஐத் தாண்டும். அதுவரை கரைந்திருந்த மக்னீசியமும் கால்சியமும் பாஸ்பேட்டோடு சேர்ந்து கல்லாகப் படியும். சவப்பெட்டி மூடி போல நீங்கள் பார்த்தது மக்னீசியம் அம்மோனியம் பாஸ்பேட், அதாவது ஸ்ட்ரூவைட்.

கிருமி கதீட்டர் ரப்பரில் படலமாக ஒட்டிக்கொள்ளும், அந்தப் படலத்துக்குள்ளேயே கிரிஸ்டல் விளையும். குழாய் உள்ளே அடைத்தால் யூரின் பின்னோக்கிச் சிறுநீரகத்துக்கு ஏறும். அங்கிருந்து இரத்தத்தில் கலந்தால் செப்சிஸ், உயிருக்கே ஆபத்தான தொற்று நிலை. சிறுநீரகத்தில் கல் கிளை விட்டு வளர்ந்தால் மான்கொம்பு மாதிரி ஆகிவிடும், கிருமி அதற்குள் ஒளிந்துகொள்ளும், மருந்து போய்ச் சேராது. ஆகவே "யூரின் இறங்கவில்லை" என்று எழுதி வந்திருந்தால் ரிப்போர்ட் அச்சாகும்வரை காத்திருக்காதீர்கள். டாக்டருக்கு இன்றே போன் போடுங்கள்.

நைட்ரோஃபுரான்டாயின் ஏன் கேட்கவில்லை என்பதும் இப்போது புரியும். புரோட்டியஸுக்கு இயல்பிலேயே அது வேலை செய்யாது. கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக்கும் அப்படித்தான்.

சாம்பிள் எங்கிருந்து எடுத்தார்கள் என்றும் கேளுங்கள். யூரின் சேரும் பையிலிருந்து ஊற்றியிருந்தால் அது கல்ச்சருக்கு ஆகாது. குழாயில் சாம்பிள் எடுக்க இருக்கும் போர்ட்டை ஸ்பிரிட்டால் துடைத்து எடுக்க வேண்டும். பழைய கதீட்டராக இருந்தால் அதை மாற்றிவிட்டுப் புதியதிலிருந்து எடுப்பது இன்னும் நல்லது. கதீட்டர் இருந்தாலே ஏதாவது கிருமி வளரத்தான் செய்யும். இவருக்குக் காய்ச்சலும் அடைப்பும் இருப்பதால்தான் இந்த கல்ச்சருக்கு அர்த்தம்.

லேப் பொண்ணு

மூன்று நாள் கழித்து எழுதுகிறேன், எல்லோரும் மன்னிக்கணும். அன்றைக்கே டாக்டரிடம் பேசினேன். கதீட்டரை மாற்றிவிட்டார்கள். கழற்றிய குழாயை வெட்டிப் பார்த்தபோது உள்பக்கம் பல்காரை மாதிரி வெள்ளையாக அடைத்திருந்ததாம். முதல் சாம்பிள் பையிலிருந்து எடுத்ததுதான். புதுக் கதீட்டரிலிருந்து எடுத்த சாம்பிளை க்ளெட்டில் போட்டேன்.

பரவவே இல்லை! நீலச் சாயலில் பெரிய காலனிகள், நடுவே ஊசிமுனை அளவில் மஞ்சள் பொட்டுகள். நீலக் காலனியை யூரியா ஸ்லோப்பில் (யூரியேஸைக் காட்டும் டெஸ்ட்) போட்டதும் மதியச் சாப்பாட்டுக்குள் பளிச்சென்று ரோஸ் நிறம் வந்துவிட்டது. இண்டோல் டெஸ்ட் நெகட்டிவ். மஞ்சள் பொட்டு கேட்டலேஸ் டெஸ்டில் நெகட்டிவ், பைல் எஸ்குலின் மீடியாவைக் கருப்பாக்கியது.

ஒரே ஒரு சந்தேகம். சென்சிட்டிவிட்டி பிளேட்டில் வட்டம் தெளிவாக இருக்கிறது, ஆனால் அதற்குள்ளே மெல்லிய படலம் ஊர்ந்து வந்திருக்கிறது. எதை அளப்பது?

பெஞ்ச் அக்கா

இண்டோல் நெகட்டிவ் என்பதால் பெரும்பாலும் புரோட்டியஸ் மிராபிலிஸ். மற்றது நான் சொன்ன என்டிரோகாக்கஸ் போலத்தான் இருக்கிறது, அதற்குத் தனியாக சென்சிட்டிவிட்டி போடு. புரோட்டியஸில் அந்த மெல்லிய படலத்தைக் கணக்கில் எடுக்காதே. அடர்த்தியான வளர்ச்சி எங்கே நிற்கிறதோ அந்த விளிம்பை அள. வட்டத்துக்குள் தனித்தனிக் காலனியாக முளைத்திருந்தால் மட்டும் விடாதே, மறுபடி சுத்தமாக எடுத்துப் போட்டுப் பார்.

லேப் பொண்ணு

அளந்துவிட்டேன் அக்கா. உள்ளே தனிக் காலனி எதுவும் இல்லை. என்டிரோகாக்கஸ் பிளேட்டை இப்போதுதான் இன்குபேட்டரில் வைத்தேன். தாத்தாவுக்கு நேற்று ராத்திரியிலிருந்து காய்ச்சல் இல்லை என்று அவர் மகள் சொன்னார்.