பழைய வங்கி இதழின் கழிவுப் பட்டியல்: பின்னங்களை எழுத்துணரி (ஓ.சி.ஆர்.) சரியாகப் படிக்க உதவி தேவை

வணக்கம். அமெரிக்க வங்கித் துறையின் நெடுங்கால இதழான 'அமெரிக்கன் பேங்கர்', 19ஆம் நூற்றாண்டில் ஜான் தாம்சன் நடத்திய 'பேங்க் நோட் ரிப்போர்ட்டர்' வழி வந்தது. (1877இல் சேஸ் நேஷனல் வங்கியைத் தொடங்கியவரும் அவரே.) அன்று மாநில வங்கிகள் தத்தம் நோட்டுகளை வெளியிட்டன. எந்த நோட்டுக்கு எவ்வளவு கழிவு (முகமதிப்பிலிருந்து குறைக்கும் சதவீதம்), எதில் கள்ளநோட்டு உலவுகிறது என்பதை வணிகர்கள் இப்படிப்பட்ட இதழ்களைப் பார்த்தே அறிந்தார்கள். மாநில வங்கி நோட்டுகளுக்கு 10% வரி விதித்த 1865ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் அந்த நோட்டுகள் புழக்கத்திலிருந்து மறையத் தொடங்கின.

சிக்கல் அந்த இதழில் வந்த கழிவுப் பட்டியலில்தான். 35 மி.மீ. மைக்ரோஃபிலிமிலிருந்து 400 டிபிஐ, கிரேஸ்கேலில் ஸ்கேன் செய்த பக்கங்கள் இருக்கின்றன. முழுப் பக்கத்தையும் டெசராக்ட் என்ற எழுத்துணரி மென்பொருளுக்குக் கொடுத்தால் பத்திகள் கலந்து, ஒரு வங்கியின் பெயருக்கு எதிரே இன்னொன்றின் கழிவு வந்து உட்காருகிறது. பத்திகளைத் தனித்தனியாக வெட்டி, பி.எஸ்.எம். 6 (படத்தை ஒரே சீரான எழுத்துத் தொகுதியாகப் படிக்கச் சொல்லும் அமைப்பு) கொடுத்தால் பெயர்கள் தேறுகின்றன. ஆனால் ½, ¼, ¾ மூன்றும் சதவீதக் குறியாகவோ வெறும் 1 ஆகவோ மாறுகின்றன. கறுப்பு வெள்ளையாக்கினால் பின்னத்தின் மெல்லிய கோடே அழிந்துவிடுகிறது. அதனால் கிரேஸ்கேலை விட மனமில்லை.

பின்னங்களுக்கென்று டெசராக்டில் தனி மாடல் பயிற்றுவித்தவர்கள் உண்டா? பயிற்சிக்கு எத்தனை வரிகள் போதுமானதாக இருந்தன? ஒரே எண் தவறினாலும் அந்த வங்கியின் அன்றைய நம்பகத்தன்மையே மாறித் தெரியும் என்பதால், கையால் சரிபார்க்கும் நல்ல முறை இருந்தாலும் சொல்லுங்கள்.