மறு: ஹைப்பாக்சியா – குறைபாடா, தாழ்வா?

அன்புள்ள குழுவினருக்கு,

ஹைப்பாக்சியாவுக்கு (உடல் திசுக்களில் உயிர்வாயு, அதாவது ஆக்சிஜன், அளவு குறையும் நிலை) நான் சொன்ன 'உயிர்வாயுத் தாழ்வு' என்ற சொல் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

> 'ஆக்சிஜன் குறைபாடு' என்றுதான் எல்லாரும் எழுதுகிறார்கள். இருக்கிற சொல்லை விட்டுவிட்டு எதற்குப் புதுச்சொல்?

கேள்வி நியாயம்தான் அண்ணா. மருத்துவமனைத் துண்டறிக்கை என்றால் நானும் மறுபேச்சில்லாமல் அதையே போட்டிருப்பேன். இப்போது கையில் இருக்கும் வேலை வேறு. ஹைப்பாக்சியாவில் உடல் என்ன செய்கிறது, ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகளுக்கு (ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் உயிரணுப் புரதங்கள்) அதில் என்ன பங்கு என்ற ஆராய்ச்சி பற்றி இங்கே சமூக மன்றத்தில் ஒரு பேச்சு. வருகிறவர்களுக்குக் கொடுக்கத் தமிழ்க் குறிப்பு எழுதுகிறேன். அதில் 'குறைபாடு' என்று வைத்தால் விஷயமே தலைகீழாகிவிடுகிறது.

வைட்டமின் குறைபாடு, பார்வைக் குறைபாடு என்று சொல்லிப் பழகியதால், குறைபாடு என்றதும் ஏதோ பழுது என்று படுகிறது. ஆனால் நம் உயிரணுக்கள் ஹிஃப்-1 ஆல்ஃபா என்ற புரதத்தை ஓயாமல் உண்டாக்கி, உண்டாக்கிய வேகத்திலேயே அழித்தும்விடுகின்றன. உயிர்வாயு போதிய அளவு இருக்கும்போது அதன் அரை ஆயுள் 5 நிமிடங்கூட இல்லை. 'இதை அழி' என்று அந்தப் புரதத்தில் முத்திரை குத்தும் நொதி வேலை செய்ய உயிர்வாயு வேண்டும். உயிர்வாயு குறைந்தால் முத்திரை விழாது. புரதம் தப்பிப் பிழைத்து உட்கருவுக்குள் போய், செங்குருதியணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொயட்டின் முதலாகப் பல மரபணுக்களை முடுக்கிவிடும். கேலின், ராட்கிளிஃப், செமென்சா மூவருக்கும் 2019இல் நோபெல் பரிசு கிடைத்தது, உயிரணு உயிர்வாயு அளவை உணர்ந்து நடந்துகொள்ளும் இந்த வழியைக் கண்டதற்குத்தான். உயிர்வாயு குறையும் என்று தெரிந்தே உடல் வைத்திருக்கும் ஏற்பாடு இது. தாயின் வயிற்றில் வளரும் கரு நம்மைவிட எவ்வளவோ குறைந்த உயிர்வாயு அழுத்தத்தில்தான் நன்றாக வளர்கிறது. அதைப் போய்க் குறைபாடு என்பதா?

அதனால் என் முன்மொழிவு: உயிர்வாயுத் தாழ்வு.

> தாழ்வு என்றால் தாழ்வு மனப்பான்மை மாதிரி இல்லையா?

எனக்கு முதலில் ஞாபகம் வருவது வானிலைச் செய்தி. 'வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வுநிலை' என்று கேட்டு யாரும் காற்றுக்கு நோய் என்று நினைப்பதில்லை. அளவு இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். மலையில் நடப்பதும் அதேதான். காற்றில் உயிர்வாயுவின் பங்கு எங்கே ஏறினாலும் 21 விழுக்காடுதான், இறங்குவது அழுத்தம். நம் சிங்கப்பூரில் ஆக உயரமான புக்கிட் தீமா குன்று 164 மீட்டருக்குள் அடங்கிவிடுவதால் இது உறைக்காது. மலேசியாவின் கினபாலு மலை ஏறிவிட்டு வந்தவர்களைக் கேளுங்கள். அதன் உச்சி 4,095 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 60 விழுக்காடு.

> வளித்தாழ்வு என்று சுருக்கினால் நாவுக்கு எளிது.

எளிதுதான், ஆனால் வேண்டாம் ஐயா. வளி என்றால் காற்று. சித்த மருத்துவத்தில் வாதம். 941ஆம் குறளில் 'வளிமுதலா எண்ணிய மூன்று' கூடினாலும் குறைந்தாலும் நோய் என்று வள்ளுவர் சொல்லி முடித்துவிட்டார். வளித்தாழ்வு என்று எழுதினால் சித்த வைத்தியர் வேறு நோய்க்கு மருந்து கொடுப்பார்.

> எங்கட பக்கம் ஒட்சிசன், வாங்கி என்றுதான் படிச்சம்.

அக்கா, முன்னொட்டில் நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. சிங்கப்பூரில் செய்தித்தாள் படிப்பவர்களுக்கு உயிர்வாயு பழக்கம், தமிழ்நாட்டில் ஆக்சிஜன், இலங்கையில் உங்களுக்கு ஒட்சிசன். ஒட்சிசன் தாழ்வு என்று எழுதினாலும் எனக்குப் புரியும். 'தாழ்வு' மட்டும் எல்லாருக்கும் பொதுவாக இருந்தால் போதும். ஏற்பியா வாங்கியா என்பதிலும் அப்படியே, இங்கே ஏற்பி.

ஆனால் ஈஸ்ட்ரோஜனை 'பெண்மையூக்கி' ஆக்கும் யோசனைக்கு நான் முழு எதிர்ப்பு. ஈஸ்ட்ரோஜன் ஏற்பியின் இரண்டாம் வகையான பீட்டா 1996இல் கண்டறியப்பட்டதே எலியின் புராஸ்டேட் சுரப்பியிலிருந்துதான். 1994இல் முதல் வகையான ஆல்ஃபா ஏற்பி வேலை செய்யாத ஓர் ஆணைப் பற்றி எழுதினார்கள்: 28 வயதாகியும் அவருக்கு எலும்பின் வளர்முனைகள் மூடவில்லை, இன்னும் உயர்ந்துகொண்டே இருந்தார். ஆணின் எலும்புக்கே வேண்டியிருக்கும் ஒன்றுக்குப் பெண்மை என்று பெயர் வைத்தால், பேச்சில் பாதி நேரம் அந்தப் பெயருக்கு விளக்கம் சொல்வதிலேயே போகும். ஈஸ்ட்ரோஜன் ஈஸ்ட்ரோஜனாகவே இருக்கட்டும்.

உயிர்வாயுத் தாழ்வும் ஈஸ்ட்ரோஜனும் சந்திக்கும் இடம் சுவையானது. பெருவில் செரோ தெ பாஸ்கோ என்ற சுரங்க நகரம் 4,300 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கே நாள்பட்ட மலைநோய் உண்டு: செங்குருதியணுக்கள் அளவுமீறிப் பெருகி ரத்தம் கெட்டியாகும். வருவது பெரும்பாலும் ஆண்களுக்கு. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு கூடுகிறது. உயிர்வாயு தாழும்போது எரித்ரோபொயட்டின் எகிறாமல் ஈஸ்ட்ரோஜன் அடக்கிவைக்கிறது என்பதை எலி ஆய்வுகளும் காட்டுகின்றன. மறுபக்கமும் உண்டு. மார்பகப் புற்றுநோய் உயிரணுக்களில் உயிர்வாயு தாழ்ந்தால் ஆல்ஃபா ஏற்பியின் அளவு குறைகிறது. டாமோக்சிஃபென் போன்ற மருந்துகள் நம்பியிருப்பதோ அந்த ஏற்பியைத்தான். ஆக ஒரே தாழ்வு, ஓரிடத்தில் அதன் விளைவை ஈஸ்ட்ரோஜன் கட்டுப்படுத்துகிறது, இன்னோரிடத்தில் அது ஈஸ்ட்ரோஜன் ஏற்பியையே கரைக்கிறது. இந்த வாக்கியத்தில் 'குறைபாடு' என்று போட்டுப் பாருங்கள், ஒட்டாது.

கூடவே வரும் மற்ற இரண்டையும் முடித்துவிடலாம். ஹைப்பாக்சீமியா: குருதி உயிர்வாயுத் தாழ்வு. அனாக்சியா: உயிர்வாயு இன்மை. ஹைப்பாக்சியாவையும் ஹைப்பாக்சீமியாவையும் பிரித்தே ஆகவேண்டும். 2021இல் தெமாசெக் அறநிறுவனம் இங்கே வீட்டுக்கு வீடு கொடுத்த, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் காட்டுவது குருதியில் இருப்பதை மட்டுமே. சோகை உள்ளவருக்கு விரலில் எண் சரியாகவே இருக்கும், திசுவுக்கு உயிர்வாயு போதாமல் இருக்கும். கார்பன் மோனாக்சைடு ஏறினால் கருவி ஏமாந்தே போகும். 'ஆக்சிஜன் குறைபாடு' என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் இந்த வேறுபாடு சொல்ல இடமே இல்லை.

தீராமல் நிற்பது ஒன்று. கினபாலு ஏறுகிறவர் சில நாளில் உயரத்துக்குப் பழகுவதும், மலைவாழ் மக்கள் தலைமுறை தலைமுறையாக மாறுவதும் வெவ்வேறு. பின்னதற்குத் தகவமைப்பு இருக்கிறது. முன்னதற்கு 'உயரப் பழகல்' என்று குறித்து வைத்திருக்கிறேன், ஆனால் பறவை பறக்கப் பழகுவதுபோல் கேட்கிறது. 'உயர இணக்கம்' என்றால் சமாதானப் பேச்சு வாசனை. யாரிடமாவது இதைவிட நல்லது இருந்தால் வியாழனுக்குள் அனுப்புங்கள், வெள்ளி காலை அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.

அன்புடன்,
ஈசூனிலிருந்து