புதுப்பிப்பு: போர்ட்டில் ஏறிய சிஆர்சி எரர், காரணம் டூப்ளெக்ஸ்

நெட்வொர்க் ஸ்விட்சின் ஒரு போர்ட்டில் சிஆர்சி எரர் (சிதைந்து வந்த ஃப்ரேம், அதாவது தரவுத் துண்டு), ரண்ட் (அளவுக்குக் குறைந்த ஃப்ரேம்) எண்ணிக்கை ஏறுகிறது, கேபிள் மாற்றியும் நிற்கவில்லை என்று முன்பு கேட்டிருந்தேன். தீர்ந்துவிட்டது.

ஸ்விட்ச் பக்கம் 100 எம்பிபிஎஸ் ஃபுல் டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் செய்வது) என்று கையால் நிலையாக வைக்கப்பட்டிருந்தது; எதிர்முனை ஆட்டோ (வேகத்தையும் டூப்ளெக்ஸையும் மறுமுனையோடு பேசி முடிவு செய்வது). பேச்சுவார்த்தைக்குப் பதில் வராதபோது ஆட்டோ பக்கம் வேகத்தை மட்டும் கண்டுபிடித்து, ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு (ஒரு நேரத்தில் ஒரு திசை மட்டும்) இறங்கிவிடும். அது அனுப்பும் நேரத்தில் எதிரிலிருந்தும் ஃப்ரேம் வந்தால், மோதல் என்று எண்ணிப் பாதியிலேயே நிறுத்தும். அந்த அரைகுறை ஃப்ரேம்தான் ஸ்விட்சில் சிஆர்சி எரராகவும், 64 பைட்டுக்குக் குறைந்தால் ரண்ட்டாகவும் பதிவாகிறது. எதிர்முனையில் லேட் கொலிஷன் (தாமதமாகத் தெரியும் மோதல்) ஏறும். அதனால் இரு முனைகளின் கவுன்ட்டரையும் கட்டாயம் பாருங்கள்!

இரண்டையும் ஆட்டோவுக்கு மாற்றி, கவுன்ட்டரைப் பூஜ்யமாக்கி, பெரிய ஃபைல் ஒன்றை இரு திசையிலும் நகலெடுத்துச் சோதிக்க வேண்டும். வெறும் பிங் (சிறு சோதனைச் செய்தி) போதாது. அவ்வளவு குறைந்த போக்குவரத்தில் மோதல் அரிதாகவே நிகழும்.

அவுட்புட் டிராப் (வெளியே அனுப்ப முடியாமல் கைவிடப்படும் ஃப்ரேம்) மட்டும் இன்னும் கொஞ்சம் ஏறுகிறது. அது கேபிள் கோளாறு அல்ல, நெரிசல்: 1 ஜிபிபிஎஸ் போர்ட்டிலிருந்து வரும் திடீர்க் குவியலை 100 எம்பிபிஎஸ் போர்ட்டின் பஃபர் (தற்காலிகச் சேமிப்பிடம்) தாங்கவில்லை. ஸ்விட்ச் காட்டும் 5 நிமிடப் போக்குவரத்துச் சராசரியில் இது தெரியாது. சராசரி இடைவெளியை 30 விநாடியாகக் குறைத்தால் ஓரளவு பிடிபடும்.