வட சென்னையில் சொந்தத் தொழில் ஆரம்பித்தவர்கள் உங்கள் கதையைச் சொல்லுங்க (என்னுடையது ஏ.சி. மெக்கானிக் கதை)

கொருக்குப்பேட்டைக்காரன்:

போன வாரம் சித்தி பையன் வீட்டுக்கு வந்தான். டிப்ளமோ முடித்து ஒன்றரை வருஷம் ஆகிறது. மணலியில் கான்ட்ராக்டில் ஷட்டவுன் (ஆலையை நிறுத்திப் பராமரிக்கிற) வேலைக்குப் போனான், வேலை முடிந்த அன்றே கேட் பாஸைத் திருப்பி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். "அண்ணா, லோன் வாங்கி ஏதாவது தொழில் பண்ணலாம்னு இருக்கேன், எந்தத் தொழிலுக்கு மானியம் அதிகமா தர்றாங்க?" என்றான். எனக்குப் பக்கென்று இருந்தது. நானும் ஒரு காலத்தில் இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டு கிண்டி தொழில் மையத்து (மானியக் கடனுக்கு மனு போடுகிற அரசு ஆபீஸ்) வராண்டாவில் நின்றவன்தான். அவனுக்கு வாயால் சொன்னது பாதி மறந்திருக்கும், அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஐ.டி.ஐ.யில் ஏ.சி., ஃபிரிட்ஜ் டிரேடு முடித்தது 2014இல். மண்ணடியில் ஒரு பாயிடம் நாலு வருஷம் ஹெல்பர். முதல் ஆறு மாதம் அவுட்டோர் யூனிட் தூக்குவதும் ஃபில்டர் கழுவுவதும்தான் வேலை, கேஸ் அழுத்தம் பார்க்கிற கேஜை என் கையில் கொடுக்கவே மாட்டார். ஆனால் ஒன்று செய்தேன். போகிற வீடு ஒவ்வொன்றிலும் என்ன மாடல், எந்த கேஸ், எப்போது சர்வீஸ் பண்ணினோம் என்று நோட்டில் எழுதி வைத்தேன். பாய்க்கு அது தெரியும், ஒன்றும் சொல்லவில்லை. தனியாகப் போகிறேன் என்று சொன்னபோது, "என் கஸ்டமரை மட்டும் தொடாதே, அவங்க சொல்ற ஆளுங்களைப் பிடி" என்றார். இன்றைக்கு வரைக்கும் என் வியாபாரமே அந்த ஒரு வரியில்தான் ஓடுகிறது.

2018இல் தனியாக இறங்கினேன். வேக்குவம் பம்ப், கேஜ், கழுவும் பம்ப், ஃப்ளேரிங் டூல் எல்லாம் செகண்ட் ஹேண்டில் சேர்த்தேன், பணம் தண்டல். நம்ம ஏரியாவில் தண்டல் தெரியாதவர்கள் கிடையாது, இருந்தாலும் சொல்கிறேன். பத்தாயிரம் என்று பேசி 8,500 கையில் தருவார்கள், தினம் நூறு ரூபாயாக நூறு நாள் கட்ட வேண்டும். வெறும் 1,500 ரூபாய்தானே என்று தோன்றும். முதல் நாளிலிருந்தே திருப்பிக் கட்டுகிறோம் இல்லையா, அதையும் சேர்த்து வருஷக் கணக்கில் பார்த்தால் வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டும். அப்போது நான் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் வாங்கித்தான் இருப்பேன், வேறு யார் தருவார்கள்?

ஏ.சி. வேலைக்கு ஏப்ரல், மே, ஜூன்தான் உயிர். அந்த மூன்று மாதம் சாப்பிட நேரம் இருக்காது, நவம்பரில் போன் அடிக்காது. 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டபோது சீசன் மொத்தமும் போனது. தண்டல்காரர் மட்டும் எப்படியோ தெருவுக்குள் வந்துவிட்டார். அந்த மே மாதம் வீட்டில் இருந்த ஒரே தங்கம் சவுகார்பேட்டை அடகுக் கடைக்குப் போனது, இதற்கு மேல் அதை எழுத வேண்டாம்.

பேங்க் லோனுக்கு அலைந்தது அதற்கப்புறம்தான். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம் என்பார்கள், 2008இல் வந்தது. என் ப்ராஜெக்ட் 4 லட்சம். நான் பி.சி. என்பதால் கைக்காசு 5 சதவீதம், அதாவது 20,000. நகரத்தில் எங்களுக்கு மானியம் 25 சதவீதம், அது ஒரு லட்சம். பேங்க் கடன் 3,80,000. மானியம் என்றதும் ஒரு லட்சம் கையில் வரும் என்று நினைக்காதீர்கள். அது பேங்கிலேயே டெபாசிட்டாக மூன்று வருஷம் தூங்கும், தொழில் நடக்கிறது என்று பார்த்துச் சொன்ன பிறகு கடனில் கழிப்பார்கள். அதற்கு வட்டி வராது, கடனில் அந்த ஒரு லட்சத்துக்கு நாமும் வட்டி கட்ட வேண்டியதில்லை. இது புரியாமல் "மானியத்தை பேங்க் முழுங்கிட்டான்" என்று கத்துபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நான் போன கிளையில் மேனேஜர் முகவரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் முகவரியைப் பார்த்தார். "சொத்துப் பத்திரம் ஏதாவது இருக்கா?" என்றார். சிறுதொழில் கடனில் 10 லட்சம் வரை அடமானம் கேட்கக்கூடாது என்பது அப்போதைய ரிசர்வ் வங்கி விதி. அதைச் சொன்னேன், சொல்லியிருக்கக் கூடாது போல, ஃபைல் அடியில் போய்விட்டது. நாங்கள் இருப்பது போர்டு வீடு, அதாவது குடிசை மாற்று வாரியம் ஒதுக்கியது. ஒதுக்கீடு தாத்தா பெயரில், அவர் இறந்து பல வருஷம். கரண்ட் பில்லும் அவர் பெயர்தான். என் பெயரில் ஒரு தாள் கூட இல்லாமல் அந்த வீட்டில்தான் பிறந்து வளர்ந்தேன் என்பதை எந்த ஃபாரத்தில் எழுதுவது? கடைசியில் மாமா கடையில் ஆறடிக்கு ஆறடி இடத்துக்கு வாடகை ஒப்பந்தம் போட்டு, அந்த முகவரியில் சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு எடுத்து, வேறு கிளைக்குப் போனேன். ஏழு மாதம் ஆனது. பணம் என் கையில் வரவில்லை, கொட்டேஷன் கொடுத்த கடைக்காரர் கணக்குக்குப் போனது. மெஷின் வந்தது, பெட்ரோலுக்குக் காசு இல்லை. அந்த ஏழு மாதத்தை ஓட்டியது நோட்டில் சேர்ந்திருந்த கஸ்டமர் நம்பர்கள்தான், லோன் அல்ல.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்ததே, அப்போது வீட்டுக்கு வீடு ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் தண்ணீரில் நின்றன. ஒரு மாதம் ராத்திரி பகல் வேலை. நல்ல வருமானம் என்று சொல்லவே கூச்சமாக இருந்தது, பாதி வீடுகளில் ஸ்பேர் விலை மட்டும்தான் வாங்கினேன். ஆனால் அந்த மாதம் கிடைத்த கஸ்டமர்களின் வேலைதான் இப்போது என்னிடம் இருக்கிற இரண்டு பசங்களுக்குச் சம்பளமாகப் போகிறது.

உங்கள் கதையையும் போடுங்க. நொடித்துப்போன கதையாக இருந்தால் இன்னும் நல்லது.

பேப்பர் கப்:

நொடித்த கதை கேட்டீங்களே அண்ணா, நான் வர்றேன். 2018 ஆரம்பத்தில் பேப்பர் கப் மெஷின் போட்டேன், எருக்கஞ்சேரியில் ஷெட். மாநில அரசின் வேலையற்ற இளைஞர் திட்டத்தில் லோன், எட்டாவது பாஸ் போதும், அதிலும் 25 சதவீத மானியம். மெஷின் விற்றவர் "கப்பை நீங்க போடுங்க சார், வாங்கிக்கிறது எங்க பொறுப்பு" என்றார். எழுத்தில் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. இரண்டு லோடு எடுத்தார், அப்புறம் போனை எடுக்கவில்லை. சரி, டீக்கடைகளுக்கு நாமே போடுவோம் என்று வியாசர்பாடி, பெரம்பூர் எல்லாம் சுற்றி ஒரு வழியாக நாற்பது கடை பிடித்தேன். ஜூன் 5ஆம் தேதி சட்டசபையில் பிளாஸ்டிக் தடை அறிவித்தார்கள், நான் கைதட்டினேன். பிளாஸ்டிக் கப் போனால் நம்ம கப்தானே ஓடும்? லிஸ்ட் வந்தபோதுதான் தெரிந்தது, உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருக்கிற பேப்பர் கப்பும் தடை. டீ ஊற்றுகிற கப்பில் பூச்சு இல்லாமல் எப்படி? 2019 ஜனவரி 1இலிருந்து அமல். மெஷினைப் பாதி விலைக்குக் கூடக் கேட்க ஆளில்லை.

தவணை விட்டதில் சிபில் (பேங்க் பார்க்கிற கடன் மதிப்பெண்) கெட்டது. இப்போது டெலிவரி ஓட்டுகிறேன், மாலையில் நண்பன் கடையில் ஃபிளெக்ஸ் டிசைன். நல்ல ஐடியா ஒன்று இருக்கிறது, ஆனால் எந்த பேங்க் வாசலையும் மிதிக்க முடியாது. முதல் தடவை விழுந்தவனுக்கு இரண்டாவது தடவை கிடையாது என்பதை எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்வதில்லை.

ராயபுரம் அக்கா:

தம்பி, தண்டல் கணக்கைப் படித்ததும் சிரிப்பு வந்தது, எங்க வீட்டு கேலண்டர் முழுக்க அந்த நூறு ரூபாய் டிக் மார்க்தான் இருக்கும். நான் சாயங்காலம் அத்தோ (பர்மா நூடுல்ஸ்), முட்டை மசாலா போடுகிறேன், தள்ளுவண்டி. கொரோனா நேரத்தில் தெருவோர வியாபாரிகளுக்கு 10,000 ரூபாய் கடன் தந்தார்களே, அதை வாங்கினேன். அப்போது ஒரு வருஷத்தில் கட்டினால் அடுத்தது 20,000, அதையும் கட்டினால் 50,000 என்று இருந்தது. ஒழுங்காகக் கட்டினால் வருஷத்துக்கு 7 சதவீத வட்டி மானியமாகத் திரும்பக் கணக்கில் ஏறியது. மூன்றாவது வரைக்கும் வந்துவிட்டேன். பெரிசாக ஒன்றும் ஆகிவிடவில்லை, எண்ணெயை பாக்கெட்டாக வாங்காமல் டின்னாக வாங்குகிறேன், அதில் மிச்சம். தண்டல்காரர் இப்போது வந்து அத்தோ சாப்பிட்டுக் காசு கொடுத்துவிட்டுப் போகிறார், அதுதான் எனக்குப் பெரிய சந்தோஷம்.

என் பையன் பி.காம். முடித்து வீட்டில் இருக்கிறான். வண்டியில் நிற்கச் சொன்னால் ஃபிரெண்ட்ஸ் பார்ப்பார்களாம். அதே ஃபிரெண்ட்ஸ்தான் கடன் சொல்லிச் சாப்பிடுகிறார்கள்.

பெரம்பூர் பெரியவர்:

எல்லாரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் ஒரு முனகல். எங்கள் அப்பா பின்னி மில்லில் வேலை பார்த்தவர். மில் சங்கு ஊதினால் தெருவே கிளம்பும். 1996இல் மூடினார்கள். அந்தத் தெருவில் யாரும் முதலாளி ஆக ஆசைப்பட்டதில்லை, மாதச் சம்பளமும் பி.எஃப்.பும் போதும் என்று இருந்தவர்கள்தான். அதில் பாதிப் பேரை ஆட்டோ ஓட்ட வைத்தது திறமையா, வேறு வழியில்லாததா? இப்போது பையன்களிடம் "வேலை தேடாதே, வேலை கொடு" என்கிறார்கள். எண்ணூரிலும் மணலியிலும் இத்தனை கம்பெனி இருக்கிறது, பக்கத்துத் தெருப் பையனுக்கு கான்ட்ராக்ட் மட்டும்தான். அதைக் கேட்காமல் எல்லாரையும் தள்ளுவண்டிக்கு அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கொருக்குப்பேட்டைக்காரன்:

ஐயா, நீங்கள் சொல்வதோடு எனக்குச் சண்டை இல்லை. பி.எஃப்.போடு ஒரு வேலை கிடைத்திருந்தால் நானும் இந்த கேஜைத் தூக்கியிருக்க மாட்டேன். என்னிடம் இருக்கிற இரண்டு பசங்களுக்கும் பி.எஃப். கட்டுகிற அளவுக்கு நான் வளரவில்லை, அதுவும் உறுத்தல்தான்.

பேப்பர் கப் தம்பி, சிபில் ரிப்போர்ட்டை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். மானிய டெபாசிட்டைக் கழித்தார்களா, இன்னும் எவ்வளவு பாக்கி என்று கிளையில் எழுதிக் கேளுங்கள், வாயால் கேட்காதீர்கள். ஒரே தவணையில் பேசி முடிக்க வழி இருக்கிறதா என்றும் கேளுங்கள். வேண்டுமானால் நானும் கூட வருகிறேன்.

அக்கா, சனிக்கிழமை வண்டி எங்கே நிற்கும்?

சித்தி பையனுக்கு ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எல்லாம் இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு தண்டையார்பேட்டையில் ஒரு இன்ஸ்டாலேஷன், நோட்டு ஒன்று வாங்கிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, அதை மட்டும் சொல்லவில்லை.