பெரம்பூர் வீட்டுக் குழு: கூடத்து மீன்தொட்டி

வியாழன், மாலை 6.40

அம்மா: ஞாயிற்றுக்கிழமை ரேவதியின் நிச்சயதார்த்தத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் இருபத்தைந்து பேர் வருவதாக உறுதி சொல்லிவிட்டார்கள். தாம்பாளத் தட்டுகளை வரிசையாக வைக்கக் கூடத்தில் கிழக்குச் சுவரோரம்தான் இடம் இருக்கிறது. ஆகவே அங்கே நிற்கும் மீன்தொட்டியைச் சனிக்கிழமைக்குள் மாடிக்கு ஏற்றிவிட வேண்டும்.

மதுரை அத்தை: ஏற்ற வேண்டியதுதான்.

கார்த்திக்: ஓகே.

தாத்தா: இந்தக் குழுவில் முழுத் தமிழில் எழுதுவது என்பது நாம் சேர்ந்து எடுத்த முடிவு, கார்த்திக்.

கார்த்திக்: சரி, தாத்தா.

சித்தப்பா: அண்ணி, தயவுசெய்து ஒரு வாரம் மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள். அது மூன்றடித் தொட்டி. நூறு லிட்டர் தண்ணீரை இறைத்துவிட்டுத்தான் நகர்த்த முடியும், நகர்த்தினால் மீன்கள் மிரண்டு பல நாள் இரைகூட எடுக்காது. பதினான்கு மாதங்களாக முட்டையிடாமல் அடம்பிடிக்கும் இந்தக் கோரி மீன்களுக்கு இப்போதுதான் காலம் கூடி வருகிறது. வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி உருவாகியிருக்கிறதே, கவனித்தீர்களா?

அம்மா: கவனித்தேன். மழை வந்தால் பந்தலுக்கு என்ன செய்வது என்று கவனித்தேன்.

மதுரை அத்தை: புயலுக்கும் மீனுக்கும் என்ன சம்பந்தம்?

சித்தப்பா: நல்ல கேள்வி, அக்கா. இந்த வெண்கலக் கோரி தென் அமெரிக்காவின் ஓடைகளில் வாழும் கெளுத்தி வகை. 1858இல் கில் என்பவர் டிரினிடாட் தீவில் கிடைத்த மீனை வைத்துத்தான் இதை முதலில் விவரித்தார். அங்கே வறண்ட காலம் முடிந்து மழை இறங்கும்போது, உப்புக் குறைந்த குளிர்ந்த புதுநீர் ஓடைக்குள் பாய்கிறது. இனிக் குஞ்சுகளுக்கு இரைக்குப் பஞ்சமிருக்காது என்பதற்கு மீனுக்கு அதுதான் அடையாளம். நம் ஆழ்குழாய்த் தண்ணீரோ பாத்திரத்தில் வெள்ளைப் படலம் படியவிடும் கடின நீர். எனவே ஒரு வாரம் உயிருள்ள புழுக்களைக் கொடுத்து உடம்பைத் தேற்றி, பிறகு தொட்டி நீரில் பாதியை எடுத்துவிட்டு, அதைவிட மூன்று நான்கு டிகிரி குளிர்ந்த மழைநீரைப் பூவாளியால் மேலிருந்து சொரிந்து, காற்றுக் குழாயையும் வேகப்படுத்திவிட்டால், மழைக்காலம் வந்துவிட்டதாகவே அவை நினைத்துக்கொள்ளும். வெளியில் காற்றழுத்தம் இறங்கும் நாளில் செய்தால் பலன் கூடுதல் என்பது மீன் வளர்ப்பவர்கள் பலரின் அனுபவம்.

அப்பா: மழைநீர் எங்கிருந்து?

சித்தப்பா: நம் மொட்டைமாடியிலிருந்துதான். முதல் மழையின் அழுக்கு நீரைப் போகவிட்டு, அடுத்த மழையில் பிடிப்பேன்.

அப்பா: மொட்டைமாடி ஒழுகலை அடைத்த செலவில் உன் பங்கு இன்னும் வரவில்லை.

சித்தப்பா: அதைத் தனியாகப் பேசுவோம், அண்ணா.

அம்மா: உயிருள்ள புழு என்றதும் நினைவுக்கு வருகிறது. மாடியில் கொசுப்புழு வளர்க்கும் வாளியை, போன மாதம் கொசு ஒழிப்புக்கு வந்தவர் பார்த்துவிட்டு என்னைக் கேட்ட கேள்விகளை நான் இன்னும் மறக்கவில்லை.

மதுரை அத்தை: முன்பு காதல் பறவைகளுக்கு என் தையல் அறை போயிற்று. இன்றுவரை திரும்பி வரவில்லை.

வெள்ளி, காலை 7.15

கார்த்திக்: முட்டையிட்டால் எப்படித் தெரியும், மாமா?

சித்தப்பா: முதலில் ஆண்கள் பெண்ணை விடாமல் துரத்தும். பிறகு ஓர் ஆண் குறுக்காக நிற்க, பெண் அதன் வயிற்றில் வாயை ஒட்டிக்கொண்டு நிற்கும்; இரண்டும் சேர்ந்து ஆங்கிலத்து ‘டி’ எழுத்துப்போல் தெரியும். 1995இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அந்த நேரத்தில் பெண் மீனின் வாயருகே நீலச் சாயத்தை விட்டுப் பார்த்தபோது, சாயம் குடல் வழியாகச் சில நொடிகளிலேயே பின்புறம் வெளிவந்தது. அதாவது, ஆணின் விந்தை விழுங்கி, வயிற்றுத் துடுப்புகளைக் கைபோல் கூப்பி ஏந்தியிருக்கும் முட்டைகளின் மேல் அதைச் சேர்க்கிறது என்று முடிவு செய்தார்கள்.

அம்மா: தம்பி, இந்தக் குழுவில் குழந்தைகள் இருக்கிறார்கள்.

தாத்தா: அறிவியல்தானே. தொடரட்டும்.

சித்தப்பா: நன்றி, அப்பா. முட்டைகளைச் சில சிலவாகக் கண்ணாடியில் ஒட்டிவிட்டுப் போகும். பார்க்கச் சவ்வரிசிபோல் இருக்கும். பெற்ற மீன்களே அவற்றைத் தின்றுவிடும் என்பதால், விரலால் மெல்ல உருட்டி எடுத்து வேறு பாத்திரத்தில், பூஞ்சை பிடிக்காதபடி நாட்டு வாதுமைச் சருகு ஒன்றைப் போட்டு வைக்க வேண்டும். மூன்று முதல் ஐந்து நாள்களில் பொரிந்துவிடும்.

மதுரை அத்தை: அந்தப் பாத்திரம் சமையலறையிலிருந்து வரக்கூடாது.

வெள்ளி, இரவு 9.50

அப்பா: தாழ்வுப் பகுதி ஆந்திரக் கரைப் பக்கம் திரும்பிவிட்டதாம்.

அம்மா: கடவுள் கண் திறந்தார்.

சித்தப்பா: பரவாயில்லை. மாநகராட்சிக் குடிநீரை இரண்டு நாள் பிடித்து வைத்திருக்கிறேன். பனிக்கட்டி நிரப்பி மூடிய புட்டியைத் தொட்டியில் மிதக்கவிட்டு 29 டிகிரியிலிருந்து 25க்குக் கொண்டுவந்துவிட்டேன். அண்ணி, நீங்கள் இரவில் விளக்கைப் போடாமல் இருந்தால் போதும்.

அம்மா: நான் தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம் அவை மணலில் மீசையைத் துழாவிக்கொண்டிருக்கும். ஒன்று திடீரென்று அம்புபோல் மேலே போய் ஒரு வாய்க் காற்றை விழுங்கிவிட்டு இறங்கி, என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டும். விளக்குக்குப் பயப்படுவதாகத் தெரியவில்லை.

கார்த்திக்: தொட்டியின் மேல் பலகை போட்டு, பட்டுத்துணி விரித்து, தட்டுகளை அதன்மேலேயே வைக்கலாமே?

சித்தப்பா: காற்றோட்டத்துக்கு இடம் விட்டால் சம்மதம்.

அம்மா: நான் இன்னும் சம்மதம் சொல்லவில்லை.

சனி, காலை 8.05

தாத்தா: ஏதாவது நடந்ததா?

சித்தப்பா: இல்லை. ஆறும் மூலையில் ஒன்றாக நிற்கின்றன. துரத்தல்கூட இல்லை.

தாத்தா: பெண் மீனை எப்படி அடையாளம் காண்கிறாய்?

சித்தப்பா: மேலிருந்து பார்த்தால் பெண் நடுவில் அகன்று உருண்டிருக்கும், ஆண் ஒல்லியாக இருக்கும். ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆண் என்பது சரியான கணக்கு.

தாத்தா: யாராவது மேலிருந்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.

நான்: (படம்)

கார்த்திக்: மாமா, ஆறும் ஒரே அளவு ஒல்லியாகத் தெரிகின்றனவே.

தாத்தா: பெண் இருக்கிறதா என்றே பார்க்காமல் நிச்சயத்துக்கு நாள் குறித்திருக்கிறாய்.

மதுரை அத்தை: பதினான்கு மாதங்கள்!

சித்தப்பா: வலப்பக்கம் இரண்டாவதாக நிற்பது சற்றே பருமன்தான், உற்றுப் பாருங்கள்.

அம்மா: அது நேற்று இரவு நான் போட்ட புழுவில் பாதியைத் தின்ற மீன்.

சித்தப்பா: நீங்கள் புழு போட்டீர்களா, அண்ணி?

அம்மா: பசியோடு பார்த்துக்கொண்டிருந்தன. அதை விடுங்கள், தொட்டி எங்கே போகிறது?

சித்தப்பா: நாளை விடியற்காலையில் கொளத்தூர் மீன் கடைகளுக்குப் போய் நன்றாகப் பருத்த பெண்கள் மூன்றைத் தேர்ந்தெடுத்து வந்துவிடுகிறேன். அவற்றைச் சில வாரம் தனித் தொட்டியில் வைத்து, நோயில்லை என்று உறுதியான பிறகுதான் இவற்றோடு சேர்க்க வேண்டும். அதற்குக் கூடத்திலேயே இன்னொரு சிறிய இடம் கிடைத்தால் நன்றாயிருக்கும்.

அம்மா: நாளை விடியற்காலையில் வாழையிலை வாங்கப் போக வேண்டியவர் நீங்கள்தான், தம்பி.

சித்தப்பா: கொளத்தூரிலும் வாழையிலை கிடைக்கும், அண்ணி.

அப்பா: அந்தப் பலகை எத்தனை அடி வேண்டும்?