நாலு குழாய் ஸ்பீக்கரை ஆம்ப்ளிஃபயரில் எந்த முனையில் கட்டுவது?

அந்தியூர்க்காரன்:
வணக்கமுங்க. எங்க ஊர் மாரியம்மன் நோம்பிக்கு இந்த வருசம் மைக் செட் வேலையைப் பசங்களே எடுத்திருக்கிறோம். 160 வாட்ஸ் ஆம்ப்ளிஃபயர், பின்னாடி காம் (எல்லாவற்றுக்கும் பொதுவான முனை), 4, 8, 16 ஓம், 100 வோல்ட் என்று முனைகள். குழாய் ஸ்பீக்கர் நாலு, ஒவ்வொன்றும் 16 ஓம், 30 வாட்ஸ். கோயில் வேப்பமரத்தில் இரண்டைப் பேரலலில் (பக்க இணைப்பில்) போட்டு 8 முனையில் கொடுத்தோம், 200 மீட்டர் தள்ளி பஸ் ஸ்டாப்பில் இருக்கும் இரண்டையும் அதே மாதிரி பேரலலில் 16 முனையில். ஆம்ப்ளிஃபயர் கை வைக்க முடியாத சூடு, பஸ் ஸ்டாப்பில் சத்தமும் கம்மி. எப்படிங்க கட்டுவது?

காங்கேயம் சவுண்டு:
தம்பி, உடனே ஆஃப் பண்ணுங்க. காம் போக, ஒரு நேரத்தில் ஒரு முனைதான். இரண்டு 16 ஓம் பேரலலில் சேர்ந்தால் 8 ஓம். அதை 16 முனையில் கொடுத்தால் அந்த ஜோடி மட்டுமே 320 வாட்ஸ் கேட்கும், 8 முனை ஜோடி 160, ஆக 480. மெசின் எப்படித் தாங்கும்? நாலையும் பேரலலில் போட்டால் 4 ஓம், அதை 4 முனையில் கொடுங்க. ஆனால் முழு வால்யூமில் குழாய்க்கு 40 வாட்ஸ் போகும், உங்க யூனிட் (குழாயில் சத்தம் எழுப்பும் பாகம்) 30தான், வால்யூமை முழுசாகத் திருகிவிட்டால் அதிலுள்ள கம்பிச்சுருள், காயில், கருகிவிடும்.

பெருந்துறை வயர்மேன்:
அண்ணன் கணக்கு சரிங்க, ஆனால் 200 மீட்டர் ஒயரையும் பார்க்கணும். 1 ஸ்கொயர் எம்எம் காப்பர் என்றால் போக வர 400 மீட்டருக்கு ஏழு ஓம் வந்துவிடும், 8 ஓம் ஜோடிக்குப் போக வேண்டியதில் பாதிக்குப் பாதி ஒயரிலேயே வீணாகும். தூரத்துக்கு 100 வோல்ட் லைன்தான், அதாவது ஆம்ப்ளிஃபயரின் 100 வோல்ட் முனையிலிருந்து ஒயர் இழுப்பது. குழாய்க்கு ஒரு லைன் டிரான்ஸ்ஃபார்மர், அதில் 30 வாட்ஸ் டேப்பில் (வாட்ஸ் குறித்த முனை) லைன் ஒயர், மறுபக்கம் 16 ஓம் முனையில் குழாய். நாலுக்கும் 120 வாட்ஸ்தான், ஒயரில் போவது நாலைந்து சதவீதம், குழாயும் 30-க்கு மேல் வாங்காது. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் குழாயை 100 வோல்ட் முனையில் நேராகக் கொடுத்துவிடாதீங்க, 16 ஓம் 625 வாட்ஸ் இழுக்கும்.

அந்தியூர்க்காரன்:
சரிங்ணா. கோயில் ஜோடி பக்கத்திலேயே இருக்குதுங்க, அதை மட்டும் 8 முனையிலேயே விட்டுவிடலாமா? அப்புறம், மீட்டர் வைத்தால் குழாய் 13 ஓம்தான் காட்டுகிறது, போயிருச்சா?

பெருந்துறை வயர்மேன்:
விடாதீங்க தம்பி, அந்த ஜோடியே 160-ஐயும் எடுத்துக்கொள்ளும், பஸ் ஸ்டாப்புக்கு மிச்சம் இருக்காது. நாலுக்கும் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்க. மீட்டர் டிசி ரெசிஸ்டன்ஸை, அதாவது காயில் கம்பியின் வெறும் தடையைத்தான் காட்டும், 16 ஓம் யூனிட்டுக்கு 12, 13 வருவது சரியான அளவுதான்.